வில்லனுக்கு மூன்று மதிப்பெண்

சாணார்பட்டி
15.6.2025, ஞாயிறு

அன்புள்ள நாகஜோதிக்கு,

சென்னைக்குப் பஸ் ஏறும்போது என்னிடம் வாங்கிய சத்தியப்படி எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். ஜக்கம்மாள் அத்தை கேட்கக் கேட்க 'ஏழாவது வாசல்' தொடரைப் பற்றி என் உண்மையான கருத்தைச் சொல்ல முடியாது. அவருக்கு அந்த மாமியாரைப் பிடிக்கும்.

நீ போனபோது பத்மினி கையில் பெட்டியுடன் புகுந்த வீட்டு வாசலில் நின்றாள் அல்லவா? இன்னும் நிற்கிறாள். மூன்று வாரமாயிற்று. நம் ஊரில் யாராவது அவ்வளவு நேரம் வாசலில் நின்றால், பக்கத்து வீட்டார் பெஞ்சு போட்டு, காபி கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்து, சொந்தம் கண்டுபிடித்திருப்பார்கள். புதன்கிழமை மாமியார் அதிர்ச்சி அடைந்தார். அதை ஒருமுறை கலரில், ஒருமுறை கறுப்பு வெள்ளையில், ஒருமுறை இடி முழக்கத்தோடு காட்டினார்கள். டாக்டர் வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தொடர்களில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் கெட்ட செய்தி. நம் ஊர் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் மாத்திரைச் சீட்டு எழுதி முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஏழாவது வாசலுக்கு என் மதிப்பெண் நோட்டில் பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பெட்டிக்கு. அதுதான் இயல்பாக நடிக்கிறது.

'அடுப்பங்கரை அரசி' சமையல் நிகழ்ச்சிக்கு ஐந்து. தொகுப்பாளர் எதை வாயில் வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆஹா என்கிறார். ஒருநாளாவது உப்பு இல்லை என்று சொல்ல வேண்டாமா? எங்கள் வீட்டு வெஞ்சனத்தில் உப்பு குறைந்தால் அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்.

இதையெல்லாம் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது. ஏனென்றால் உங்கள் டிவி இன்னும் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. உன் பாட்டுப் போட்டிக்காகப் படம் எடுக்க வந்தவர்கள் "வீடு இன்னும் கொஞ்சம் எளிமையா இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லி டிவி, ஃபிரிட்ஜ், புது நாற்காலி எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்கு நகர்த்தினார்களே, அதன்பிறகு உன் அப்பா சோலைமலை மாமா எதையும் திருப்பி எடுத்துப் போகவில்லை. திரும்பவும் படம் எடுக்க வந்தாலும் வருவார்களாம். இரண்டு டிவியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் தொடர், ஒன்றில் விவாதம். இரண்டிலும் ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று 'பாட்டுப் பந்தல்' பார்த்தோம். மாமாவும் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார். உன் பாட்டுக்கு ஒன்பதரை. அரை மதிப்பெண்ணை நீ கர்வப்படாமல் இருப்பதற்காகக் குறைத்தேன். ஆனால் பாட்டுக்கு முன்னால் போட்ட அந்தப் படம்! "பாடக் கூடாது என்று தடுத்த தந்தை. பெட்டிக்குள் பூட்டப்பட்ட குரல்." இரும்புப் பெட்டியைக் காட்டினார்கள், பூட்டைக் காட்டினார்கள், சம்பங்கித் தோட்டத்தில் மாமா நடந்து போவதைப் பின்னாலிருந்து மெதுவாகக் காட்டினார்கள். ஒன்பது வயதிலிருந்து உன்னைப் பூ மூட்டைக்கு முன்னால் வண்டியில் உட்கார வைத்துத் திண்டுக்கல்லுக்குப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போனவர் அவர். பொய்யான நிகழ்ச்சி. நான்கு மதிப்பெண். அதற்கு மேல் போட என் கை வராது.

இப்படிக்கு,
உன் அறிவுச்செல்வி


சென்னை
19.6.2025

அறிவுச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு மதிப்பெண்ணும் கிடைத்தது.

நீ கால் நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றபடி மார்க் போடுகிறாய். இங்கே காலை எட்டு மணிக்கு மேக்கப் போட்டால், மாலை ஐந்து மணிக்குத்தான் பாடக் கூப்பிடுவார்கள். அதுவரை தண்ணீர்கூட அளந்து குடிக்க வேண்டும். கை தட்டுகிறவர்களைக் காலையிலேயே அரை மணி நேரம் தட்டச் சொல்லிப் படம் எடுத்துவிடுகிறார்கள். அழுவதும் அப்படித்தான். என் பாட்டுக்கு அழுத அந்தப் பச்சைச் சேலை அம்மா, நான் பாடும்போது சாப்பிடப் போயிருந்தார். இதெல்லாம் உன் நோட்டில் இருக்கிறதா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கதை வேண்டும் என்கிறார்கள். ஒட்டன்சத்திரத்துப் பையன் ரோஷனுக்குக் கதையே இல்லை. அவன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். போன வாரம் அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் என்னைவிட நன்றாகப் பாடுகிறவன். அம்மா சொல்கிறார், "ஊரு நாலு நாளைக்குப் பேசும். பாட்டு நாப்பது வருசம் நிக்கும்."

இன்னொன்றும் கேட்கிறேன். பொய், பொய் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பெட்டிக் கதையை அவர்களுக்கு யார் சொன்னது? நான் அப்போது பின்கட்டில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை. நோட்டுப் புத்தகம் வைத்திருந்த அந்தத் தாடி அண்ணனுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது யார்?

யோசித்துப் பார். பார்த்துவிட்டு உனக்கு நீயே ஒரு மார்க் போட்டுக்கொள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

நாகஜோதி


சாணார்பட்டி
23.6.2025

நாகஜோதி,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. படிக்காமல் கிழித்தாலும் சரி.

நான்தான் சொன்னேன். யோசிக்கவே வேண்டியதில்லை. சனிக்கிழமை டிவியில் அந்தப் பெட்டி வந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் நிகழ்ச்சிக்கு அவ்வளவு குறைவாகப் போட்டேன். என் மேல் வந்த கோபத்தை அவர்கள் கணக்கில் கழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். தாடி அண்ணன் மாமாவிடம், "ஏதாச்சும் கஷ்டம் இருந்தா சொல்லுங்க சார்" என்று கேட்டார். மாமா வெகுநேரம் யோசித்து, "கஷ்டமா? மழ பேஞ்சா பூ அழுகும். வேறென்ன தம்பி?" என்றார். அத்தையும், "அவருக்கு ஒரு கஷ்டமும் சொல்லத் தெரியாது" என்றார். அந்த அண்ணன் முகம் வாடிவிட்டது. எனக்கோ இவ்வளவு புத்தகம் படித்தும் ஒரு கதை சொல்ல முடியாதா என்று இருந்தது. கதையை நடுவிலிருந்து தொடங்கினால்தான் சுவை என்று படித்திருக்கிறேன். அதனால், "ஒருநாள் மாமா இவளோட மைக்கை இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாரு" என்று தொடங்கினேன்.

போன ஐப்பசியில் உனக்குத் தொண்டை கட்டியது, இருபத்தொரு நாள் பாடவே கூடாது என்று டாக்டர் சொன்னது, நீ மோட்டார் அறைக்குள் ஒளிந்து பாடியது, அதற்குப் பயந்து மாமா பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டது, குளிக்கும்போதுகூடக் கழற்றாதது, இதையெல்லாம் அடுத்ததாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் "சூப்பர் பாப்பா, போதும்" என்று நோட்டை மூடிவிட்டார். நான் கூப்பிட்டு மீதியைச் சொல்லியிருக்கலாம். சூப்பர் என்றாரே, அந்தச் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

எனக்கு நான் போட்ட மார்க் பூஜ்யம். நோட்டில் மையால் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாமா உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொன்னார். நான் சொல்கிறேன். அவர் ஒரு வாரமாகப் பூ மார்க்கெட்டுக்குப் போகவில்லை. போன திங்கட்கிழமை போனபோது கமிஷன் கடை பொம்மையன் எல்லார் முன்னாலும், "ஏலே சோலமல, பூவையாச்சும் பூட்டாம கொண்டு வந்தியே!" என்றாராம். சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனதாம். யாரோ ஓர் அம்மா, "பெத்த புள்ள பாட்டையே பூட்டி வச்ச மனுசனா நீ?" என்று கேட்டுவிட்டு, அவர் மூட்டையைத் தாண்டிப் போய் வேறிடத்தில் பூ வாங்கினாராம். இப்போது உன் சித்தப்பா அழகுராஜாதான் மூட்டையைக் கொண்டு போகிறார். மாமா தோட்டத்திலேயே இருக்கிறார். கேட்டால், "சம்பங்கிக்குக் களை எடுக்கணும்" என்கிறார். அந்தத் தோட்டத்தில் எடுக்கக் களையே இல்லை, நான் பார்த்தேன்.

அறிவுச்செல்வி


சென்னை
27.6.2025

அறிவு,

அப்பா போனில் "மார்க்கெட்ல எல்லாரும் உன்னயத்தான் கேட்டாக தாயி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஜூலை எட்டாம் தேதி 'சொந்தங்கள் சுற்று'. ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். எனக்கு அப்பா. அவர் மேடை ஏறி, பாட விடாமல் தடுத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் "மன்னிச்சிட்டேன்பா" என்று சொல்லிக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். பிறகு பாட வேண்டுமாம். எழுதியே கொடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் வயலின் வரும் என்றுகூட அதில் போட்டிருக்கிறது.

அம்மா சரி என்று சொல்லிவிட்டார். இது முடிந்தால் அடுத்தது அரையிறுதி. அம்மாவைத் தப்பாக நினைக்காதே. ராத்திரி என் கால்களைப் பிடித்துவிடும்போது அவர் பேசுவதே இல்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வரியைச் சொல்லாவிட்டால் ரோஷன் மாதிரி என்னையும் அனுப்பிவிடுவார்கள். சொன்னால், ஊர் முழுக்க அப்பா செய்யாத தப்பை நானே உண்மை என்று சொன்னதாகிவிடும். நான் என்ன செய்வது? அப்பா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் "நீ சொல்றபடி தாயி" என்பார். நீ நேரில் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுது. நடுவிலிருந்து தொடங்காதே.

நாகஜோதி

பி.கு.: பத்மினி உள்ளே போனாளா?


சாணார்பட்டி
1.7.2025

அன்புள்ள நாகஜோதிக்கு,

தொடக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் தோட்டத்துக்குப் போனேன். மாமா மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து, இல்லாத களைக்காகக் களைக்கொத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதலில் பெட்டிக் கதையைச் சொன்னது நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும் புள்ள. நாந்தான் வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன்ல."

"அப்ப ஏன் மாமா ஒண்ணும் சொல்லல?"

"நீ நல்லாத்தான் சொன்ன. எனக்கே அடுத்து என்ன ஆச்சுன்னு கேக்கணும்போல இருந்துச்சு."

நாகஜோதி, அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பிறகு ஜூலை எட்டு பற்றிக் கேட்டேன். தாடி அண்ணன் அவரிடமும் போனில் பேசியிருக்கிறார். மாமாவின் முதல் கவலை என்ன தெரியுமா? "நான் அழுதா மூக்கு ஒழுகும் புள்ள. டிவில வாரவுக எல்லாம் கண்ணுல மட்டும் தண்ணி விடுறாக. அது எப்படின்னு உன் நோட்ல எதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அது எனக்கும் வெகுநாளாகப் புரியாத விஷயம்.

அதற்குப் பிறகு களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"நான் வாரேன். மன்னிப்புக் கேளுன்னா கேக்குறேன். பொம்மையன் என்ன, ஊரே சிரிக்கட்டும். அது பாடுறதுக்கு ஆகும்னா நான் வில்லனாவே இருந்துட்டுப் போறேன். ஆனா அது வாயால 'மன்னிச்சேன்'னு சொன்னா, அத நின்னு கேக்க மட்டும் எனக்குத் தெம்பு இல்ல புள்ள. அது தெரிஞ்ச புள்ளல்ல, சாவிய எதுக்கு இடுப்புல கட்டுனேன்னு?"

சொல்லிவிட்டு, "இத எழுதிறாத" என்றார். எழுதிவிட்டேன். நான் இனிமேல் பாதிக் கதை சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் கருத்தையும் கேட்டாய். நான் இதுவரை நாற்பத்தொரு நிகழ்ச்சிகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன். ஒன்றில்கூட எழுதிக் கொடுத்த மன்னிப்பு நன்றாக வந்ததில்லை. நீ என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும், உன் பாட்டுக்கு நான் போட்ட ஒன்பதரை மாறாது. வேண்டுமானால் அந்த அரையையும் சேர்த்துக்கொள்.

பத்மினி உள்ளே போய்விட்டாள். ஆனால் பெட்டியை வாசலிலேயே மறந்துவிட்டாள். அதனால் மறுபடி வெளியே வந்திருக்கிறாள்.

அன்புடன்,
அறிவுச்செல்வி


சென்னை
9.7.2025

அன்புள்ள அறிவுக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா மஞ்சள் கவரில் ஒரு முழம் சம்பங்கி கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் கசங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அதை என் தலையில் வைக்க விடவில்லை, மேடைச் சேலைக்கு நிறம் பொருந்தவில்லை என்றார்கள். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேடையில் தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தி, "அப்பா, இத்தன வருசமா மனசுல இருந்தத இன்னிக்குச் சொல்லுங்க" என்றார். அப்பா மைக்கை மண்வெட்டிப் பிடிபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுரு தாயி" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எழுதிக் கொடுத்த வரி மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் வாயில், "எதுக்குப்பா? டாக்டர் பேச்சக் கேட்டதுக்கா?" என்றுதான் வந்தது.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐப்பசியிலிருந்து தொடங்கினேன். தொண்டை, டாக்டர், இருபத்தொரு நாள், அரைஞாண் கயிறு. இருபத்திரண்டாம் நாள் விடியுமுன்னே அவரே பெட்டியைத் திறந்து மைக்கை என் கையில் கொடுத்தது வரை. நிறுத்தச் சொன்னார்கள். மறுபடி எடுக்கலாம், அந்த ஒரு வரி மட்டும் போதும் என்றார்கள். மறுபடியும் அதையேதான் சொன்னேன். தாடி அண்ணன் வந்து, "பாப்பா, உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார்.

அப்போது முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்தார். நான் பயந்தேன், என்னைத்தான் திட்டப் போகிறார் என்று. "தம்பி, அவ சொன்னது அம்புட்டும் நெசம். போட்டாப் போடுங்க, போடாட்டி விடுங்க. புள்ளய மூணாந்தரம் கேக்காதீக. அது பாடணும், தொண்டை வறண்டுரும்" என்றார்.

பிறகு பாடினேன். அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்திருந்தால் சுருதி போயிருக்கும்.

முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதக் கூடாது என்று அதில் எங்கும் போடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று பத்தொன்பதாம் தேதி இருக்கிறது. அதை முடித்துவிட்டு வருகிறேன்.

அழுதேன், ஒரு மணி நேரம். பிறகு பசித்தது.

நான் பேசியதை வெட்டிவிடுவார்கள் என்று ரோஷன் போன் செய்து சொன்னான். வெட்டினால் மார்க்கெட்டில் அப்பா எப்படி நிற்பார்? அது ஒன்றுதான் உறுத்துகிறது. சனிக்கிழமை பார்த்துவிட்டு எழுது.

நாகஜோதி


சாணார்பட்டி
14.7.2025, திங்கள்

அன்புள்ள நாகஜோதிக்கு,

வெட்டிவிட்டார்கள். முழுவதும். மாமா "மன்னிச்சுரு தாயி" என்கிறார், வயலின் வருகிறது, பச்சைச் சேலை அம்மா அழுகிறார், நீ உடனே பாடத் தொடங்குகிறாய். ஐப்பசியும் இல்லை, டாக்டரும் இல்லை. என் அம்மா ரிமோட்டைத் தேடினார், அணைத்துவிடலாம் என்று.

அணைக்கவில்லை. நல்லவேளை. ஏனென்றால் நீ பாடும்போது அவர்கள் மாமாவின் முகத்தை முழுத்திரையில் காட்டினார்கள். அழுவார் என்று காத்திருந்திருப்பார்கள். அவர் அழவில்லை. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் உன்னோடு சேர்ந்து முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணத்தில் மேலே போகிற அந்த நீள வரி இருக்கிறதே, அதற்கு முன்னால் நீ மூச்சு எடுப்பதற்கு ஒரு நொடி முன்னதாக அவர் எடுத்தார். உனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி எடுத்தார். நீ எடுத்தாய். அந்த வரி முடிகிற வரை அவர் விடவே இல்லை. நீ முடித்த பிறகுதான் விட்டார். கழுத்து நரம்பு தெரிந்தது. அதை அவர்கள் நான்கு முறை காட்டினார்கள். எதைக் காட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நானும் மாமாவோடும் அழகுராஜா சித்தப்பாவோடும் வண்டியில் மார்க்கெட்டுக்குப் போனேன். மாமா வரவேண்டாம் என்று சொல்லியும் போனேன். யாராவது ஒரு சொல் சொன்னால் உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பது என்று பையில் வைத்திருந்தேன். படிக்க வேண்டி வரவில்லை.

பொம்மையன் மூட்டையைத் தராசில் வைத்தார். மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம், மாமாவுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "பாட விடாத ஆளாம்லப்பா! அந்த ரெண்டாஞ் சரணத்துல எங்க மூச்சு இழுக்கணும்னு எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா? இந்தாளுக்குத் தெரியுது. டிவிக்காரன் பொய் சொல்லலாம், மூச்சு சொல்லுமா?" பிறகு மாமாவைப் பார்த்து, "ஏலே, தனியா இருக்கையில நீயும் பாடுவியோ?" என்றார். மாமா, "மோட்டார் ஓடுறப்ப மட்டும்" என்றார். மார்க்கெட்டே சிரித்தது. இந்தமுறை மாமாவும் சிரித்தார். அன்றைக்கு மூட்டையைத் தாண்டிப் போன அந்த அம்மா இருந்தாரா என்று தேடினேன். இல்லை. இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா உங்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு போனார். "இனிமே நம்ம வீடு நம்ம வீடு மாதிரி இருக்கட்டும்" என்றார். வாசல்படியில் நின்றுகொண்டு, டிவியை இறக்காமலே கேட்டார்:

"ஆமா, உன் நோட்ல எனக்கு எம்புட்டுப் போட்ட?"

"வில்லனுக்கு மூணு மாமா. நடிப்பு கொஞ்சம்கூட வரல."

"அதத்தான் புள்ள நானும் மொதல்லயே அந்தத் தம்பிகிட்ட சொன்னேன், எனக்கு வராதுன்னு" என்று சொல்லிவிட்டு, டிவியோடு உங்கள் வீட்டுக்குள் போனார்.

இப்படிக்கு,
அறிவுச்செல்வி